ஊர் நடுவில் நடக்க இடம்: டெல்டா ஊர்களுக்கு அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடைத்தெருவையும் கோயில் வீதிகளையும் நடப்பதற்கு ஏற்றபடி மாற்ற வேண்டும், அதற்காக எந்த இடத்தில் எது வரலாம் என்ற வகைப்பாட்டையும் திருத்த வேண்டும் என்று கிராம சபையில் ஒருவர் எழுந்து சொன்னால், அடுத்த நிமிடமே கிளம்பும் கேள்விகள் இவை. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களின் ஊராட்சிகளையும் சிறிய பேரூராட்சிகளையும் மனத்தில் வைத்து எழுதியிருக்கிறேன். ஒரு கோயில், அதைச் சுற்றித் தேரோடும் வீதி, பக்கத்தில் குளம், பேருந்து போகும் தார்ச்சாலை, அதன் இருபுறமும் கடைகள் என்று அமைந்த எந்த ஊருக்கும் இது பொருந்தும்.

மண்டலம், நிலப் பயன்பாடு என்பதெல்லாம் டவுனுக்குத்தானே? எங்களுடையது கிராமம்.

பாதி சரி. 1971-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டப்படி சில பகுதிகளுக்கு முழுமைத் திட்டம் போடுகிறார்கள். முதன்மைக் குடியிருப்பு, கலப்புக் குடியிருப்பு, வணிகம், நிறுவனம், தொழில், திறந்தவெளி, வேளாண்மை என்று அதன் வரைபடத்தில் நிலம் பிரிக்கப்பட்டிருக்கும். பெரிய நகரங்களை ஒட்டிய கிராமங்கள் சில அந்த வரைபடத்துக்குள் வந்துவிடும். வராத ஊரில் வண்ணம் தீட்டிய படம் கிடையாது. ஆனால் அங்கேயும் கட்டட அனுமதி வாங்க வேண்டும், நஞ்சையை மனையாக்க அனுமதி வாங்க வேண்டும், நத்தம் எது புறம்போக்கு எது என்ற வருவாய்த்துறைக் கணக்கு இருக்கிறது. ஆகவே மண்டலம் இல்லாத ஊரும், எது எங்கே வரலாம் என்பதில் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதில்லை.

எங்கள் ஊர் இதில் எந்தப் பக்கம்?

சர்வே எண்ணோடு மாவட்ட நகர் ஊரமைப்பு அலுவலகத்துக்குப் போய்க் கேளுங்கள். ஊராட்சிச் செயலருக்கும் பெரும்பாலும் தெரிந்திருக்கும்.

நடக்க ஏற்ற ஊர் என்றால் பேவர் பிளாக் பதிப்பதுதானே?

அது கடைசியில் வரவேண்டிய வேலை. நம் ஊர்களில் அதை முதலில் செய்து, திறப்பு விழாவும் வைத்துவிடுகிறோம்.

ஆள் நடப்பது ஒரு வேலையாகத்தான். ரேஷன் கடை, பால் சொசைட்டி, அங்கன்வாடி, தொடக்கப்பள்ளி, தபால் நிலையம், பேருந்து நிறுத்தம் எல்லாம் கூப்பிடு தூரத்தில் இருந்தால் கல் பதிக்காவிட்டாலும் மக்கள் நடப்பார்கள். அவை ஊருக்கு வெளியே போய்விட்டால் கிரானைட் போட்டாலும் வண்டியைத்தான் எடுப்பார்கள். கல்வி உரிமைச் சட்ட விதிகள் தொடக்கப்பள்ளி ஒரு கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்கின்றன. அந்த ஒரு கிலோமீட்டர் என்ற கணக்கே, குழந்தை நடந்து வரும் என்று நினைத்துப் போட்டதுதான். ஆனால் புதிதாக ஒரு சேவை மையமோ கிளை நூலகமோ கட்ட வேண்டும் என்றால், ஊர்க் கோடியில் எங்கே புறம்போக்கு சும்மா கிடக்கிறதோ அங்கே கொண்டுபோய் வைக்கிறார்கள். இடம் இலவசம். அங்கே போய்வர ஆகும் பெட்ரோல் காசு யார் கணக்கிலும் ஏறாது.

எனவே வகைப்பாட்டு மாற்றத்தின் சாரம் இரண்டே விஷயங்கள். ஊர் நடுப்பகுதியைக் கலப்புப் பயன்பாட்டுக்கு விட வேண்டும்: கீழே கடை, மேலே வீடு, பக்கத்தில் கிளினிக், எதிரே தையல் கடை. வண்டிகளைக் கூட்டும் கட்டடங்களை, அதாவது திருமண மண்டபம், பெட்ரோல் பங்க், ஜல்லி மணல் விற்பனை, அரிசி ஆலை, லாரி செட் ஆகியவற்றை, நடுப்பகுதிக்கு வெளியே வைக்க வேண்டும். இதைச் செய்துவிட்டு அப்புறம் கல் பதியுங்கள்.

வண்டி நிறுத்த இடமில்லை என்றால் வியாபாரம் படுத்துவிடாதா?

கடைக்காரர்களின் பயம் நியாயமானது. சென்னை தியாகராய நகரில் பாண்டி பஜாரை 2019 நவம்பரில் நடைபாதை வளாகமாகத் திறந்தபோதும் இதே பயம் இருந்தது. அந்த உதாரணத்தை நம் ஊருக்கு அப்படியே கொண்டுவர நான் சொல்லமாட்டேன். நம் கடைத்தெருவுக்கு வருபவர்களில் பலர் சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து டூவீலரில் வருபவர்கள். திரும்பும்போது பின்னால் ஓர் உர மூட்டையோ முன்னால் ஒரு கேஸ் சிலிண்டரோ இருக்கும்.

ஆனால் காலை பத்து மணிக்குக் கடைத்தெருவில் நின்று எந்த வண்டி யாருடையது என்று பாருங்கள். கடை வாசலை அடைத்து நிற்பதில் கணிசமானவை கடைக்காரருடையவை, கடையில் வேலை பார்ப்பவருடையவை, டவுனுக்கு வேலைக்குப் போனவர் பஸ் ஏறுவதற்காக விட்டுப்போனவை. காலையில் நிறுத்தினால் இரவில்தான் நகரும். வாடிக்கையாளர் வண்டி பத்து நிமிடம் நிற்கும், போய்விடும். நாள் முழுதும் நிற்பவற்றைச் சந்தைப்பேட்டைக்கோ வேறு பொது இடத்துக்கோ மாற்றினாலே பாதித் தெரு காலியாகும். உரக்கடை, சிமெண்ட் கடைகளுக்குக் காலை எட்டு மணிக்கு முன்பும் இரவு எட்டுக்குப் பின்பும் சரக்கு இறக்க நேரம் ஒதுக்கலாம். மருந்துக்கடை வாசலில் ஒரு வண்டிக்கான இடம் எப்போதும் இருக்கட்டும்.

டிராக்டர், அறுவடை மிஷின், நெல் லாரி எல்லாம் எந்த வழியாகப் போகும்?

டெல்டாவில் இந்தக் கேள்விக்குப் பதில் இல்லாமல் எந்தத் திட்டமும் நிற்காது. குறுவை அறுப்பு புரட்டாசியை ஒட்டி, சம்பா தாளடி அறுப்பு தை, மாசியில். அந்த வாரங்களில் பெல்ட் அறுவடை மிஷினை ஏற்றிய லாரியும் நெல் ஏற்றிய டிராக்டர் டிப்பரும் ஊருக்குள் வந்துதான் ஆக வேண்டும் என்று நினைக்கிறோம். அவை ஏன் ஊருக்குள் வருகின்றன என்று கேட்டால், பல ஊர்களில் பதில் ஒன்றுதான்: நுகர்பொருள் வாணிபக் கழகத்தின் நேரடி கொள்முதல் நிலையம் ஊர் நடுவில் இருக்கிறது. பழைய சமுதாயக் கூடத்திலோ பள்ளிக்கூடத்தை ஒட்டியோ எப்போதோ ஆரம்பித்தது, அப்படியே நிலைத்துவிட்டது. மூட்டை ஏற்ற வந்த லாரிகள் நாள்கணக்கில் வரிசையில் நிற்க, பள்ளிப் பிள்ளைகள் லாரிச் சக்கரத்துக்கும் சாக்கடைக்கும் நடுவே ஒற்றை வரிசையில் போகிறார்கள்.

கொள்முதல் நிலையத்துக்கு ஊருக்கு வெளியே சாலையை ஒட்டிய மேட்டு நிலத்தில் நிரந்தர இடமும் களமும் ஒதுக்குவதுதான், என்னைக் கேட்டால், நடைக்காகச் செய்யக்கூடிய முதல் மாற்றம். விவசாயிக்கும் அதுவே நல்லது. திடீர் மழையில் மூட்டை நனையாமல் இருக்கக் கொட்டகையும் அங்கேதான் கட்ட முடியும்.

தெருவில் நெல் காயப்போடுவதையும் தடுப்பீர்களா?

களம் கட்டிக் கொடுத்துவிட்டுத் தடுக்கலாம். கட்டிக் கொடுக்காமல் தடுத்தால் யாரும் கேட்கமாட்டார்கள், கேட்கவும் கூடாது.

எங்கள் வீட்டுத் திண்ணையையும் படியையும் இடிப்பார்களா?

இந்தக் கேள்விதான் கூட்டத்தில் மெதுவாகக் கேட்கப்படும். பதிலை விரிவாகவே சொல்ல வேண்டும்.

தெருவில் நடக்க இடமில்லாமல் போன கதையை ஒரு வீட்டு வாசலில் நின்று பார்த்தால் புரியும். பழைய வீட்டின் திண்ணை தெருவை விட மூன்று நான்கு படி உயரத்தில் இருந்தது. ஒவ்வொரு முறை ரோடு போடும்போதும் பழைய தாரை எடுக்காமல் அதன் மேலேயே ஜல்லியைக் கொட்டினார்கள். படி ஒவ்வொன்றாக மூழ்கி, தெரு திண்ணை மட்டத்துக்கு வந்தது. ஐப்பசி மழைக்குத் தண்ணீர் வீட்டு நடைக்குள் வந்தது. வீட்டுக்காரர் தரையை உயர்த்தினார், அல்லது வீட்டையே இடித்து உயரமாகக் கட்டினார். உயரமான வாசலுக்கு டூவீலர் ஏற வேண்டுமே, ஒரு சிமெண்ட் சரிவு போட்டார். அந்தச் சரிவு சாக்கடையின் மேல் ஏறித் தெருவுக்குள் நான்கடி வந்தது. சாக்கடை அடைத்தது, தூர்வார முடியவில்லை, தண்ணீர் தெருவில் நின்றது. அதற்காக மறுபடி ரோட்டை உயர்த்தினார்கள். நடந்து போகிறவர் சரிவு சரிவாக ஏறி இறங்க முடியாமல் தெரு நடுவுக்கு வந்துவிட்டார், அங்கே பஸ் வருகிறது.

இதில் வீட்டுக்காரரை மட்டும் ஆக்கிரமிப்பாளர் என்று பிடித்து நிறுத்துவது அநியாயம். பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதிய ரோடு போட வேண்டும் என்று 2021-லேயே தலைமைச் செயலாளர் அறிவுறுத்தியிருக்கிறார். அது நடக்கிறதா என்று பார்ப்பது ஊரின் வேலை. வேலை நடக்கும் நாளில் பழைய தார் சுரண்டப்படுகிறதா என்று நாலு பேர் போய் நின்றாலே போதும்.

சட்டம் என்று வந்தால், 1905-ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டம் இன்னும் உயிரோடு இருக்கிறது. தடையில்லாத நடைபாதை அரசியல் சாசனத்தின் 21-ஆம் பிரிவு தரும் உரிமையின் ஒரு பகுதி என்று உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம் சொல்லியிருக்கிறது. அதனால் அகற்றும் அதிகாரம் இருக்கிறது. அதை எப்படிப் பயன்படுத்துவது என்பதில்தான் ஊர் ஒற்றுமை இருக்கிறது. தெரு முழுவதையும் நில அளவரை வைத்து அளந்து, ஒரே கோடு போட்டு, முதலில் கட்சிக் கொடிமேடைகள், பயன்படாத அடிபம்பு, உடைந்த நிழற்குடை, விளம்பரப் பலகை ஆகிய பொதுக் குப்பைகளை எடுங்கள். பிறகு சரிவுகளைச் சாக்கடை வரை பின்வாங்கி, தூர்வாரும்போது தூக்கி எடுக்கக்கூடிய சிலாப்பாக மாற்றலாம். சொந்தப் பட்டா எல்லைக்குள் இருக்கும் திண்ணையை யாரும் தொட முடியாது. தொடவும் வேண்டாம், மழைக்கும் வெயிலுக்கும் ஒதுங்க அதுதான் இடம்.

புதிதாகக் கட்டுபவர்கள் பழையபடி சுவரோடு சுவராகக் கட்டலாமா?

பக்கத்து வீட்டுச் சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள் உள்ள தெருக்களைத் தொடர் கட்டடப் பகுதி என்று அறிவிக்க 2019-ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளில் இடமுண்டு. அப்படி அறிவித்தால் பக்கவாட்டில் இடம் விட வேண்டியதில்லை. பழைய அக்ரகாரம், கடைத்தெரு போன்றவற்றுக்கு இதைக் கேட்டு வாங்குவது நல்லது. இல்லாவிட்டால் புது வீடுகள் ஒவ்வொன்றும் சுற்றிலும் இடம் விட்டு, முன்னால் காம்பவுண்டு சுவரும் இரும்புக் கேட்டும் வைத்து, தெரு இருபுறமும் வெறும் மதிலாகிவிடும். அந்தத் தெருவில் இரவு எட்டு மணிக்குமேல் ஒரு பெண் தனியாக நடக்க யோசிப்பார்.

தேரோடும் வீதியில் நடைமேடை கட்டலாமா? தேர் எப்படித் திரும்பும்?

உயர்த்திய நடைமேடை கூடவே கூடாது. தேர் வடம் பிடிக்க வீதி முழுவதும் ஒரே மட்டமாக இருக்க வேண்டும், முட்டுக்கட்டை போட இருபுறமும் இடம் வேண்டும். நடக்கும் பகுதியைத் தரை மட்டத்திலேயே வேறு நிறக் கல்லால் பிரித்து, கழற்றி எடுக்கக்கூடிய குட்டைத் தூண்களை வைத்தால் போதும். திருவிழா அன்று தூண்களைக் கழற்றிவிடலாம்.

வீதியைத் தோண்டும் வேளையிலேயே மின்கம்பிகளையும் பூமிக்கு அடியில் கொண்டுபோக மின்வாரியத்திடம் கேளுங்கள். தஞ்சாவூரை அடுத்த களிமேட்டில் 2022 ஏப்ரல் 27 அன்று தேர் மின்கம்பியில் பட்டு 11 பேர் இறந்ததை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை. நடுத்தெருவில் நிற்கும் கம்பங்கள் நடப்பவருக்கும் இடைஞ்சல்தான்.

கோயில் மனையில் குடியிருக்கிறோம். எங்களைக் கேட்பார்களா?

டெல்டாவில் ஊர் நடுப்பகுதியின் பெரும்பகுதி கோயிலுக்கோ ஆதீனத்துக்கோ சொந்தமாக இருப்பது சாதாரணம். மனை அவர்களுடையது, கட்டடம் உங்களுடையது, மனை வாடகையாகப் ‘பகுதி’ கட்டுகிறீர்கள். வகைப்பாடு மாறினால் மனையின் மதிப்பு ஏறும், பகுதியையும் உயர்த்தப் பார்ப்பார்கள். இந்தப் பயத்தைக் கூட்டத்தில் வெளிப்படையாகப் பேசிவிடுங்கள். அறநிலையத் துறைக்கும் ஆதீன நிர்வாகத்துக்கும் தீர்மானத்தின் நகலை முன்பே அனுப்பி, அவர்கள் பதிலைக் கிராம சபையில் படிக்கச் சொல்லுங்கள்.

கோயிலைச் சுற்றித்தான் எல்லாம் நடக்கிறது. காலனியிலிருந்து வருகிறவர்களுக்கு என்ன?

இந்தக் கேள்வியை முதலில் வைத்திருக்க வேண்டும் என்று சிலர் சொல்வார்கள். அவர்கள் சொல்வது சரிதான்.

ஊரில் மிக அதிகமாக நடப்பவர்கள் யார்? சன்னதித் தெருக்காரர்கள் இல்லை. வயலுக்கு அப்பால் இருக்கும் ஆதிதிராவிடர் குடியிருப்பிலிருந்தும் குடியானத் தெருவின் கடைசியிலிருந்தும் நடவுக்கும் நூறு நாள் வேலைக்கும் ரேஷனுக்கும் பஸ்ஸுக்கும் வருகிற பெண்கள். 2021 முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்றான பிறகு நிறுத்தத்துக்கு நடந்துவரும் பெண்கள் இன்னும் கூடியிருக்கிறார்கள். அவர்கள் வரும் வழி என்ன? ஒரு பக்கம் வாய்க்கால், ஒரு பக்கம் வயல், நடுவே ஒரு பஸ் போனால் ஒதுங்க இடமில்லாத இணைப்புச் சாலை. விளக்கு இரண்டு கம்பத்துக்கு ஒன்று எரியும். மழைக்காலத்தில் கரை வழுக்கும்.

ஊர் நடுவில் நடைபாதை என்ற பெயரில் நான்கு மாட வீதிக்கு மட்டும் கல் பதித்தால், வசதியான தெருவுக்கு இன்னொரு வசதி செய்ததாகத்தான் ஆகும். நடை என்பது நடுவில் தொடங்குவது இல்லை. இணைப்புச் சாலையின் ஓரத்தில், வாய்க்காலை மூடாமல், ஆறடி அகலத்துக்குக் கெட்டியான பாதையும் விளக்கும் போடுவதைத் திட்டத்தின் முதல் கட்டமாக எழுதுங்கள். இந்திய சாலைக் காங்கிரஸின் 2012 வழிகாட்டுதலும் தடையில்லாத குறைந்தபட்ச அகலம் 1.8 மீட்டர் என்கிறது. வகைப்பாட்டிலும் இதற்கு வேலை இருக்கிறது. இரண்டாவது ரேஷன் கடை, அங்கன்வாடி, நூலகம் ஆகியவற்றைக் காலனிக்கும் ஊருக்கும் இடையே இருதரப்பும் சமதூரத்தில் வந்து சேரும் இடத்தில் வைக்கச் சொல்லுங்கள். இதற்குக் கூட்டத்தில் முணுமுணுப்பு வரும். வரட்டும்.

இந்த வெயிலில் யார் நடப்பார்கள்?

நிழல் இருந்தால் நடப்பார்கள். 2018 நவம்பர் 16-ல் கஜா புயல் கரையைக் கடந்தபோது நாகை, திருவாரூர், தஞ்சைப் பகுதிகளில் சாலையோர மரங்கள் வேரோடு போயின. பல ஊர்களில் அந்த இடங்கள் இன்னும் வெறுமையாக இருக்கின்றன, அல்லது அங்கே கடை வந்துவிட்டது. புங்கன், வேம்பு, பூவரசு போதும். பார்க்க அழகாக இருக்கும் என்று ஈச்சமர வகைகளை வாங்கி நட்டுப் பணத்தை வீணாக்காதீர்கள்.

தரைக்கடை, தள்ளுவண்டிக்காரர்களை விரட்டிவிடுவீர்களா?

விரட்டினால் தெரு செத்துவிடும். பேரூராட்சியாக இருந்தால் 2014-ஆம் ஆண்டின் தெரு வியாபாரிகள் சட்டம் பொருந்தும். கணக்கெடுத்து, அடையாள அட்டை கொடுத்து, இடம் ஒதுக்க வேண்டும். ஊராட்சியில் அந்த ஏற்பாடு இல்லையென்றாலும் அதே முறையைத் தீர்மானமாகப் போட்டுக்கொள்வதைத் தடுப்பவர் யாரும் இல்லை. பூக்கார அம்மா உட்கார நடைபாதையோடு ஒட்டி ஒரு மேடை கட்டினால் அவரும் பாதையை மறிக்கமாட்டார்.

ரோடு நெடுஞ்சாலைத் துறையுடையது. ஊராட்சி என்ன செய்ய முடியும்?

உண்மை. கடைத்தெரு வழியே போவது மாநில நெடுஞ்சாலையோ மாவட்ட முக்கியச் சாலையோ என்றால், அதன் அகலத்துக்குள் ஊராட்சி ஒரு செங்கல்லைக்கூட வைக்க முடியாது. வேகத்தடையும் நீங்களாகப் போடக்கூடாது. இரவோடு இரவாகப் போட்ட வண்ணமடிக்காத மேட்டில் விழுந்து செத்தவர்கள் உண்டு. செய்ய முடிந்தது, ஆட்சியர் தலைமையிலான சாலைப் பாதுகாப்புக் குழுவுக்கு எழுதுவது. வேகத்தைக் குறைக்கக் கேளுங்கள். மக்களும் வண்டிகளும் கலக்கும் இடங்களில் மணிக்கு 30 கிலோமீட்டர்தான் உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு.

விக்கிரவாண்டி, கும்பகோணம், தஞ்சாவூர் நான்குவழிச் சாலை போல ஊரைச் சுற்றிப் புறவழி வரும் இடங்களில் நல்ல வாய்ப்பு இருக்கிறது. தொலைதூர வண்டிகள் வெளியே போனதும் பழைய சாலைக்கு அத்தனை அகலமான தார் தேவையில்லை. ஆனால் புறவழியின் ஓரத்தில் கடை கட்ட அனுமதி கொடுக்க ஆரம்பித்தால், கடைத்தெருவே அங்கே குடிபெயர்ந்துவிடும். வகைப்பாட்டில் கண்டிப்பாக இருக்க வேண்டிய இடம் அது.

பார்க்கிங்குக்குப் பக்கத்து நஞ்சையை எடுக்கலாமா?

வேண்டாம் என்பதே என் கருத்து. திட்டம் இல்லாத பகுதிகளில் விவசாய நிலத்தை வேறு பயனுக்கு மாற்ற 2017-ஆம் ஆண்டு விதிகள் இருக்கின்றன. 2020-ஆம் ஆண்டின் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டத்தைக் காட்டிச் சிலர் பயமுறுத்துவார்கள். அது உருக்காலை, தோல் பதனிடுதல், எண்ணெய் எரிவாயுக் கிணறு போன்ற தொழில்களைத் தடுக்கும் சட்டம். பார்க்கிங் அதன் பட்டியலில் இல்லை. சட்டம் விட்டாலும் வடிகால் விடாது. நடு ஊரை ஒட்டிய வயலைத் தூர்த்தால் அந்த மழைத்தண்ணீர் எந்தத் தெருவுக்கு வரும் என்று ஊர்ப் பெரியவர்கள் விரலை நீட்டிக் காட்டுவார்கள்.

எங்கே, எப்போது பேச வேண்டும்?

கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. தலைவர் இல்லாமல் தனி அலுவலர் பொறுப்பில் இருக்கும்போதும் உங்கள் தீர்மானத்தைப் பதிவேட்டில் எழுதச் சொல்லலாம். "ஊரை மேம்படுத்த வேண்டும்" என்று எழுதினால் அது எங்கும் போகாது. எந்தத் தெரு, எந்த சர்வே எண்ணிலிருந்து எதுவரை, எது வரலாம், எது வரக்கூடாது என்று எழுதுங்கள். முழுமைத் திட்டத்தில் மாற்றம் என்றால் ஆட்சேபம் கேட்டு அறிவிப்பு வரும். கெடு தேதிக்குள் எழுத்தில் கொடுத்ததுதான் கணக்கு. டீக்கடையில் பேசியதற்கு நகல் கிடையாது.

ஒரு மாதம் செய்து பார்த்துவிட்டு முடிவெடுக்கலாமா?

அதுதான் புத்திசாலித்தனம், சட்டத்திலும் வழி இருக்கிறது. 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் 115-ஆவது பிரிவின்படி, பொதுப் பாதுகாப்புக்காகவோ வசதிக்காகவோ ஒரு பகுதியில் வாகனங்களைக் கட்டுப்படுத்தலாம். ஒரு மாதத்துக்கு மேற்படாத கட்டுப்பாட்டுக்கு அரசிதழ் அறிவிப்பு தேவையில்லை, உள்ளூரில் தெரியப்படுத்தினால் போதும். உத்தரவு போடும் அதிகாரம் ஊராட்சிக்கு இல்லை, அதனால் ஆட்சியரிடம் முன்கூட்டியே போக வேண்டும்.

மாதத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். ஆடியில் வைத்தால் கல்யாணம் இல்லை, மண்டபம் காலி, எல்லாம் அருமையாக நடந்தது போலத் தெரியும். தையில் வைத்தால் நெல் லாரிகளிடம் தோற்றுப்போவீர்கள். ஆவணி பொருத்தம்: முகூர்த்தக் கூட்டமும் இருக்கும், குறுவை அறுப்பு இன்னும் முழுதாகத் தொடங்கியிருக்காது. மே 1 கிராம சபையில் தீர்மானம், ஆகஸ்ட் 15 அன்று எந்தத் தெரு எந்த நேரம் என்று அறிவிப்பு, ஆவணி முழுதும் கடைத்தெருவில் காலை எட்டு முதல் பதினொன்று, மாலை நாலு முதல் ஏழு வரை கனரக வண்டிகளுக்குத் தடை, அக்டோபர் 2 அன்று கடைக்காரர், ஆட்டோக்காரர், காலனிப் பெண்கள், பள்ளித் தலைமை ஆசிரியர் நால்வரையும் பேசவைத்து முடிவு. தடையால் தங்கள் கல்லாவில் எவ்வளவு குறைந்தது என்று கடைக்காரர்களை அந்த மாதம் முழுதும் எழுதிவைத்து எடுத்துவரச் சொல்லுங்கள்.